பிளேக் விழாதது மாணவர் பிழையல்ல: செய்முறைத் தேர்வுக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதுநிலை நுண்ணுயிரியல் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். பாக்டீரியாவுக்குள் உறங்கும் லாம்டா ஃபேஜ் என்ற வைரஸைக் கிளப்பும் தூண்டல் சோதனையில் ஒரு தட்டில்கூடப் பிளேக் (ஃபேஜ் பாக்டீரியாவை அழித்த ஓட்டை) விழாததும், எல்லோருக்கும் மதிப்பெண் வெட்டப்பட்டதும் தாங்கள் அறிந்ததே. அந்த மதிப்பெண்ணைத் திருப்பித் தாருங்கள்.

மாணவர்கள் ஒரு படியிலும் தவறவில்லை. ஊடகம் புற ஊதாக் கதிரை விழுங்கிவிடும் என்பதால் லாம்டா சுமந்த ஈ.கோலை பாக்டீரியாவைச் சுழற்றிப் பிரித்து, 10 மில்லிமோலார் மெக்னீசியம் சல்ஃபேட்டில் கலக்கி, மெல்லிய படலமாக ஊற்றி 254 நானோமீட்டர் விளக்கில் காட்டினார்கள். வெளிச்சம் பட்டால் செல் தன் டிஎன்ஏ பழுதைச் சரிசெய்துகொள்ளும், ஃபேஜ் கிளம்பாது. அதனால் குடுவையை அலுமினியத் தாளில் சுற்றி, 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் குலுக்கினார்கள். பிறகு செல்களை உடைக்கக் குளோரோஃபார்ம், நீர்த்தல், 0.7 சதவீத மென் அகாரில் கலந்து தட்டில் ஊற்றல்.

கோளாறு அந்த அகாரில் சேர்க்கத் தாங்கள் அனுப்பிய பாக்டீரியாவில். வந்தது ஒரே குழாய். தூண்டுவதற்கும் லாம்டா சுமந்த கே-12 என்ற ஈ.கோலை இனம், விரிப்புக்கும் (ஃபேஜ் தாக்குவதற்காகத் தட்டில் பரப்பும் பாக்டீரியா) அதுவே. அதன் குரோமோசோமில் குடியிருக்கும் புரோஃபேஜ் (உறங்கும் ஃபேஜ்) சி-ஒன் ரிப்பிரசர் என்னும் அடக்கும் புரதத்தை ஓயாமல் உண்டாக்குகிறது. புதிதாக நுழையும் லாம்டாவின் மரபணுக்களையும் அதே புரதம் பூட்டிவிடும். சாற்றில் கோடிக்கணக்கில் ஃபேஜ் இருந்தாலும் விரிப்பில் ஓர் ஓட்டை விழாது. அந்த வெண்மையான, முழுசான தட்டுதான் சரியான விடை. அதற்குத்தான் சுழியம் போட்டீர்கள்.

1922இல் பிரித்தெடுத்த கே-12க்குள் லாம்டா இருப்பது பல்லாண்டு யார் கண்ணிலும் படவில்லை. ஃபேஜை இழந்த கே-12 வழி வந்த செல்களோடு அது கலந்தபோதுதான் எஸ்தர் லெடர்பெர்க் கண்டுபிடித்து 1951இல் அறிவித்தார். ஆகவே இரண்டு குழாய் அனுப்புங்கள்: ஒன்று லைசோஜென் (ஃபேஜை உள்ளே சுமக்கும் இனம்), மற்றது லாம்டா தாக்கக்கூடிய சி600 என்ற ஈ.கோலை இனம். சி600ஐ 0.2 சதவீத மால்ட்டோஸ் சேர்த்து வளர்த்தால் லாம்டா பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் கூடும்.

தூண்டலைத் தட்டில் காட்டாமல் படம் வரையச் சொல்லியே எத்தனை ஆண்டுகள் ஓட்டுவது? இந்த மாணவர்கள் நாளை மருத்துவமனை ஆய்வகங்களில் நிற்பார்கள். ஷிகா நச்சு ஈ.கோலையின் நச்சு மரபணு இருப்பதும் புரோஃபேஜில்தான். சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து டிஎன்ஏவைச் சேதப்படுத்தினால் ரிப்பிரசர் அறுபட்டு, ஃபேஜோடு நச்சும் பெருகும். குழந்தையின் சிறுநீரகம் போகலாம். தூண்டலைத் தட்டில் பார்த்தவருக்கு இது மறக்காது.

வெட்டிய மதிப்பெண்ணைத் திருப்பித் தந்து, அடுத்த தேர்வுக்கு இரண்டு குழாய்களையும் இனப்பெயர் ஒட்டி அனுப்புமாறு பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆசிரியர்கள்