ஆண்டறிக்கை: வெரைட்டி ஹால் இருந்த தெரு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, தண்ணீர் விடும் நேரம் பற்றி நாம் கொடுத்த மனுக்களின் நகல்கள் கோப்பில் உள்ளன. கூட்டம் முடிந்ததும் பார்க்கலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மீதி நேரத்தை இந்த ஆண்டின் பெரிய வேலைக்கு எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன்.

சென்ற பொதுக்குழுவில் நம் உறுப்பினர் ஒருவரின் மகள், "வெரைட்டி ஹால் ரோடுங்கறோமே, அந்த ஹால் எங்கீங்க இருக்குது?" என்று கேட்டது நினைவிருக்கும். டிலைட் தியேட்டர்தான் அது என்று பெரியவர்கள் பதில் சொன்னார்கள். அந்த டிலைட்டும் இன்று இல்லை, இடித்தாகிவிட்டது. பேர் இருக்கிறது, பேருக்குரிய கட்டடம் இல்லை. அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் தயாரிக்க வேண்டும் என்று அன்றே முடிவெடுத்தோம்.

அந்த ஹாலைக் கட்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1883இல் கோவையில் பிறந்தவர். திருச்சியில் ரயில்வே வேலை, மாதம் 25 ரூபாய் சம்பளம். 1905இல் தூபோன் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். உடல்நலம் கெட்டு ஊர் திரும்ப நினைத்தவரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார் வின்சென்ட். ஏழு வருடச் சம்பளத்தை ஒரே கையில் எடுத்து வைப்பது போன்ற காரியம். அந்த வயதில், அந்த வேலையை விட்டுவிட்டு, யாரும் அறியாத ஒரு தொழிலில் இறங்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று இந்த அறிக்கையை எழுதும்போது பலமுறை வியந்தேன். ஏசுநாதர் வரலாற்றுப் படத்தை ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். வடக்கே பெஷாவர், கிழக்கே ரங்கூன் வரை அந்தக் கூடாரம் போயிற்று.

அலைந்தவர் சொந்த ஊரில் நிலைகொண்டு, 1914இல் கட்டியதுதான் வெரைட்டி ஹால். கோவையின் முதல் நிரந்தரத் தியேட்டர். படம் ஓட்ட மின்சாரம் வேண்டும். ஊரில் மின்சாரம் இல்லை. எனவே தாமே உற்பத்தி செய்தார். அந்த மின்சாரத்திலேயே அச்சகம் ஓட்டினார், மாவு மில் ஓட்டினார், அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தார். நீலகிரியின் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் வந்தது 1930களின் தொடக்கத்தில்தான். அது வந்த பிறகுதான் கோவையைச் சுற்றி நூற்பாலைகள் மளமளவென்று எழுந்தன. ஆக, நம் ஊரில் மின்சாரம் பஞ்சைத் தொடுவதற்கு முன்பே படச்சுருளைத் தொட்டுவிட்டது. இந்த ஒரு செய்திக்காகவே அந்தக் கட்டடத்தில் ஒரு சுவரையாவது விட்டுவைத்திருக்கலாம் என்பது என் ஆற்றாமை.

ஒரு திருத்தத்தையும் பதிவு செய்கிறேன். "தென்னிந்தியாவின் முதல் தியேட்டர்" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி பகிர்கிறோம். சென்னை மவுண்ட் ரோட்டில் எலெக்ட்ரிக் தியேட்டர் 1913லேயே வந்துவிட்டது. அது சில ஆண்டுகளிலேயே அஞ்சல் துறையின் கைக்குப் போனதால் இன்றும் அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் நிற்கிறது. நம் தியேட்டரை அதற்கு முந்தியது என்று சொல்லிப் பெருமை தேட வேண்டியதில்லை. உள்ளதே போதுமான பெருமை. தெருமுனையில் நாம் வைக்க விரும்பும் பலகையில் அந்த வாசகம் இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். உறுப்பினர்கள் பொறுத்தருள வேண்டும்.

வின்சென்ட் 1933இல் வள்ளி திருமணத்தைக் கல்கத்தாவில் எடுத்தார். டி.பி. ராஜலட்சுமி நடித்த அந்தப் படம் நன்றாக ஓடியது. 1935இல் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ பிறந்தபோது மில் முதலாளி ரங்கசாமி நாயுடுவுடன் அவரும் இருந்தார். நூல் தந்த பணமும் சினிமா தந்த அனுபவமும் அங்கே ஒன்று சேர்ந்தன. 1942இல் அவர் காலமானார்.

வெரைட்டி ஹால் பின்னால் டிலைட் ஆனது. அதன் பிறகான கதை ஏடுகளில் குறைவு. மில்லில் வேலை பார்த்தவர்கள் நினைவில்தான் இருக்கிறது. நமது இளைஞர் குழு வீடு வீடாகப் போய் அதைக் கைபேசியில் பதிவு செய்து வருகிறது. பகல் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டே டிக்கெட் வரிசைக்கு ஓடியது, ஆப் நைட் எனும் பாதி இரவு ஷிப்ட் வாரத்தில் படம் தப்பிப்போவது, சம்பள நாளில் மட்டும் பெஞ்சை விட்டுச் சேரில் உட்கார்ந்தது என்று சொல்லிக்கொண்டே போகிறார்கள். நூல் நூற்கும் ஸ்பின்னிங் பிரிவில் நெடுநாள் நின்று காது மந்தமான ஒருவர், வசனம் கேட்பதற்காகவே ஒலிபெருக்கிப் பக்கமாக இடம் பிடிப்பாராம். நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில் இருந்த ஓர் அம்மா, வீட்டில் கணக்குச் சொல்லாமல் செலவழித்த ஒரே காசு சினிமா டிக்கெட்டுக்குத்தான் என்றார். இதைச் சொல்லிவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பதிவில் அந்த மௌனத்தையும் வெட்டாமல் வைத்திருக்கிறோம்.

பேச ஒப்புக்கொண்டிருந்த ஒரு பெரியவர், நான் நாள் குறிப்பதற்குள் மறைந்துவிட்டார். இரண்டு வாரம் தள்ளிப்போட்டது நான்தான். அவர் குடும்பத்தாரிடம் நேரில் வருத்தம் தெரிவித்தேன், இங்கும் தெரிவிக்கிறேன். இனி எண்பது கடந்தவர்கள் யார் வீட்டில் இருந்தாலும் அந்த வாரமே செல்வது என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. உங்கள் தாத்தா, அப்புச்சி, அம்மாயி யாராவது மில்லில் இருந்திருந்தால் இன்றே பெயர் கொடுங்கள். பழைய டிக்கெட், நோட்டீஸ், போட்டோ இருந்தால் படம் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருவோம்.

தெருமுனையில் உரிய அனுமதி பெற்று வைக்க விரும்பும் பலகைக்கான வாசகம் இது: "சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கட்டிய வெரைட்டி ஹால் இந்தத் தெருவில் இருந்தது. கோவையின் முதல் நிரந்தரத் தியேட்டர். தெருவுக்குப் பெயர் வந்தது அதனால்தான்."

இந்த வாசகத்துக்கும், பலகைச் செலவை உறுப்பினர்களிடம் திரட்டுவதற்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்