முகாமில் வைத்து விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மணிப்பூர் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், சந்தேகப்படுபவர்களை முகாமில் வைத்து விசாரிக்க ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் ராணுவத்துக்கு அதிகாரம் தருகிறது என்று ஒரு வரி இருக்கிறது. போகிற போக்கில் எழுதிய வரியாக இருக்கலாம். ஆனால் அது தவறு. முகாமிலிருந்து நொண்டிக்கொண்டு திரும்புகிறவர்களின் வழக்கையே அடியோடு சாய்க்கிற தவறு.

1958-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தைத் தாங்கள் படித்திருப்பீர்கள். பிடித்தவரை இயன்ற அளவு தாமதமின்றி, எந்தச் சூழ்நிலையில் பிடித்தோம் என்ற அறிக்கையோடு, அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது 5-ஆம் பிரிவு. 1997-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ராணுவத்தின் ‘செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை’ பட்டியல் படையினரைக் கட்டுப்படுத்தும் என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. கைதானவரைப் படையினர் விசாரிக்கக் கூடாது. தகவலுக்காக அடித்து உதைக்கக் கூடாது. தாங்களாகவே வெளியே விட்டுவிடவும் கூடாது. விடுவதானால் சிவில் அதிகாரிகள் வழியாகத்தான் விட வேண்டும்.

நேராக வெளியே விடுவதில் என்ன ஆபத்து என்பதற்கு செபாஸ்டியன் ஹாங்ரே என்பவர் தொடுத்த ஆட்கொணர்வு வழக்கு ஒன்று போதும். 1982 மார்ச்சில் மணிப்பூரின் ஹுயினிங் கிராமத்திலிருந்து ஒரு பள்ளித் தலைமையாசிரியரையும் ஒரு உதவிப் போதகரையும் 21-வது சீக்கிய ரெஜிமென்ட் படையினர் ஃபுங்ரெய் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் முகாமை விட்டுப் போய்விட்டார்கள் என்றது அரசுத் தரப்பு. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆட்கொணர்வு ஆணை பிறப்பித்தும் இருவரும் வரவில்லை. 1984-ல் அவர்களின் மனைவிமாருக்குத் தலா 1 லட்சம் ரூபாய் கொடுக்க அரசுக்கு உத்தரவானது. உள்ளே போனவர் வெளியே வந்ததற்கான பதிவேடு முகாமுக்குள்தான் இருக்கிறது. குடும்பம் எதைக் காட்டி நிரூபிக்கும்?

வழக்குப் போடலாமே என்று கட்டுரையாளர் எளிதாக எழுதிவிட்டார். எந்த வழக்கு? சிவில் வழக்கென்றால், 6-ஆம் பிரிவின்படி நஷ்டஈட்டு தாவாவுக்கே மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். அதோடு இரண்டு மாத நோட்டீஸ். சட்டவிரோதக் காவலுக்கு ஒரே ஆண்டு காலவரம்பு. மனித உரிமை ஆணையத்துக்கும் ஓராண்டுதான் கெடு. படையினர் மீதான புகாரை ஆணையம் தானே புலனாய்வு செய்ய முடியாது. மத்திய அரசிடம் அறிக்கை கேட்டு, பரிந்துரை செய்யலாம், அவ்வளவுதான்.

மிஞ்சுவது அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனு. அடிப்படை உரிமை மீறலில் இறையாண்மை விலக்கு, அதாவது அரசிடம் நஷ்டஈடு கேட்க முடியாது என்ற வாதம் எடுபடாது என்று 1993-ல் நிலபதி பெஹரா வழக்கில் முடிவாகிவிட்டது. அது போலீஸ் காவல் மரணம். கோட்பாடு படைகளுக்கும் பொருந்தும். ஆனால் ‘சம்பவமே நடக்கவில்லை’ என்று எதிர்மனு வந்ததும் பல ரிட்டுகள் தடுக்கிவிழும். அதற்காகத்தான் மாவட்ட நீதிபதி விசாரித்து அறிக்கை தர வேண்டும் என்ற கோரிக்கையை மனுவிலேயே சேர்க்க வேண்டும். நிலபதி பெஹரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத்தான் செய்தது.

அதற்கும் முன்னால் முதல் நாளில் செய்ய வேண்டியது இருக்கிறது. கொண்டுபோன நேரம், வண்டி எண், பார்த்தவர்கள் பெயரோடு காவல் நிலையத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அன்றே எழுத்தில் புகார் போக வேண்டும். இல்லாவிட்டால் ராணுவம் ஒப்படைத்த நேரத்தையே கைது நேரமாகப் போலீஸ் எழுதிவிடும். நடுவில் முகாமில் கழிந்த நாட்கள் காகிதத்தில் இருக்காது. உள்ளங்காலில் அடித்தால் பெரும்பாலும் தோல் கிழியாது, வீக்கம் சில நாளில் வடிந்துவிடும். கைதானவுடன் மருத்துவப் பரிசோதனையும் அதன் நகலும் கேட்டுப் பெறும் உரிமை இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-ஆம் பிரிவில் இருக்கிறது. நகல் கிடைக்காவிட்டால் முதல் முறை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போதே வாய்விட்டுச் சொல்லி, பதிவு செய்யச் சொல்ல வேண்டும்.

ஐயா, இதையெல்லாம் தங்கள் இதழ் எழுதியிருக்க வேண்டும். நாகாலாந்தின் ஓட்டிங்கில் 2021 டிசம்பரில் படையினர் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றபோது நிவாரணத் தொகையைத் தலைப்பில் போட்டீர்கள். 2023-ல் 30 படையினர் மீது வழக்கு நடத்த மத்திய அரசு அனுமதி மறுத்ததும், 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கு நடவடிக்கைகளை முடித்துவைத்ததும் தங்கள் பக்கங்களில் வரவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-ல் கையெழுத்திட்ட இந்தியா இன்னும் அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை. அதைக் கேட்டும் ஒரு தலையங்கம் வரவில்லை. இத்தனை ஆண்டுகளாகத் தங்கள் இதழை நம்பிப் படிப்பவர்களுக்கு இது மனவருத்தம் தருகிறது.

நான் கேட்பது பெரிதல்ல. அந்த வரி தவறு என்று அடுத்த இதழில், அதே பக்கத்தில் திருத்தம் போடுங்கள். கூடவே 5-ஆம் பிரிவையும், படையினர் விசாரிக்கக் கூடாது என்ற விதியையும் எளிய தமிழில் கட்டம் கட்டி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வழக்கறிஞர் ஒருவர்,
மதுரை