எங்கள் மகள் பால் குடிக்கக் கைகொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் மகளுக்கு நேற்று நான்கு மாதம் நிறைந்தது. மூன்று வாரமாக நேரடியாக மார்பில் மட்டுமே குடிக்கிறாள். தாய்ப்பாலை எடுக்கும் பம்ப்பைக் கடைசியாக ஒருமுறை கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். வைத்த கையோடு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பிறந்த இரண்டாம் நாள், பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் டவுன் சிண்ட்ரோமாக இருக்கலாம் என்றார்கள். பிறகு ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. ஆனால் அந்த வாரம் என்னை அழ வைத்தது அந்தப் பெயர் அல்ல, அவள் பசி. வாயைத் திறப்பாள், நாக்கு முன்னால் வந்து காம்பை வெளியே தள்ளும். எப்படியோ கவ்விவிட்டாலும் நான்கு உறிஞ்சு, அதோடு தூக்கம். உள்ளே போனதைவிட உதட்டோரம் வழிந்ததுதான் அதிகம். "இந்த மாதிரிக் குழந்தைங்களுக்குத் தாய்ப்பால் சரிப்படாதும்மா, புட்டிக்கு மாறிடுங்க" என்று ஒருவர் அறை வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். நீங்களெல்லாம் வராமல் இருந்திருந்தால் நான் அதை நம்பியிருப்பேன்.

இரவுப் பணியில் இருந்த செவிலியர் அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "பாப்பாவுக்குப் பால் பிடிக்காம இல்லம்மா. உடம்பு முழுக்கத் தசை தளர்வா இருக்கு. நாக்கும் கன்னமும் தசைதானே, அதான் சீக்கிரம் களைச்சுப் போறா" என்றீர்கள். அந்த ஒரு விளக்கத்தில் என் மனப்பாரம் பாதி இறங்கியது. பிறகு என் கையை எடுத்து வைத்துக் காட்டினீர்கள். கடைசி மூன்று விரல்கள் மார்பைக் கீழிருந்து தாங்க வேண்டும். பெருவிரலும் சுட்டுவிரலும் விரிந்து, நடுவில் அவள் தாடை உட்கார வேண்டும். அந்த இரண்டு விரலும் கன்னங்களை மெல்ல அணைத்துக்கொள்ள வேண்டும். டான்னர், செருட்டி என்ற இருவர் பெயரையும் சேர்த்து இதற்கு டான்சர் பிடி என்று பெயர் வந்ததைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். எனக்கு அது என்றைக்கும் உங்கள் பிடிதான். தலை உயரமாக இருக்கும்படி அவளை நிமிர்த்திப் பிடித்து, உறிஞ்சல் நிற்கும்போதெல்லாம் மார்பை லேசாக அழுத்தச் சொன்னீர்கள். "வாயைப் பாக்காதீங்க, சத்தத்தைக் கேளுங்க" என்றீர்கள். கேட்டது. 'க்' என்று ஒரு விழுங்கல். கொஞ்சம் விட்டு இன்னொன்று. அன்றிரவு ஏழு எண்ணினோம்.

பாலூட்டல் ஆலோசகர் அம்மா, குழந்தை காலி செய்யாத மார்பில் பால் குறைந்துகொண்டே வரும் என்று முதல் நாளே எச்சரித்தது நீங்கள்தான். இருபத்துநான்கு மணி நேரத்தில் எட்டு முறையாவது எடுக்க வேண்டும், இரவிலும் விடக்கூடாது என்றீர்கள். முதலில் கையால் பீய்ச்சிய சீம்பால் ஒரு கரண்டிக்குக்கூட வரவில்லை. அதைச் சொட்டுச் சொட்டாக அவள் உதட்டில் விட்டோம். அப்புறம் பம்ப், பால் புகட்டும் பாலாடைக் கிண்ணம், துணியை விலக்கி என் மார்போடு அவளைப் போட்டுக்கொண்ட மதியங்கள். 2.6 கிலோவில் பிறந்தவள் 2.35-க்கு இறங்கினாள். பிறந்த எடைக்குத் திரும்ப 19 நாள் ஆனது. அதுவரை மருத்துவர் அளவு சொல்லிக் கூடுதல் பால் கொடுக்கச் சொன்னபோது நான் உடைந்துபோனேன். "முதல்ல வயிறு நிறையட்டும், தெம்பு வந்தாத்தான் உறிஞ்சுவா" என்றீர்கள். அப்படியேதான் நடந்தது.

குழந்தை மருத்துவருக்கு: டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இதயத்தில் குறை இருக்கும் என்று முதல் வாரமே எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கச் சொன்னீர்கள். சின்ன ஓட்டை இருந்தது. குடிக்கும்போது வியர்த்தாலோ, மூச்சு வாங்கினாலோ, உதடு நீலமானாலோ உடனே வரச் சொன்னீர்கள். பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. நன்றி டாக்டர்.

அத்தை, நடு இரவில் நான் பம்ப்பைக் கழற்றி வைத்தால் விடிவதற்குள் அது கொதிநீரில் போட்டெடுத்து உலர்ந்திருக்கும். ஒருநாள்கூட நீங்கள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. என் கணவர் நேரமும் அளவும் ஈர டயப்பரும் குறித்துவந்த நோட்டு இன்னும் தலையணை அடியில் இருக்கிறது.

முகம் பார்க்காமல் தொலைபேசியில் மட்டும் பேசிய அந்த இன்னொரு அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்ல? "என் பையன் கடைசிவரை மார்பைப் பிடிக்கவே இல்ல. அஞ்சு மாசம் பீய்ச்சித்தான் கொடுத்தேன். அவனுக்கு இப்ப ஆறு வயசு" என்றீர்கள். தைரியம் சொல்ல வேண்டும் என்பதற்காக நடக்காததை நடக்கும் என்று சொல்லாமல், உள்ளதைச் சொன்னீர்கள். அன்றைக்குத்தான் நான் பயமில்லாமல் பால் கொடுத்தேன்.

செவிலியர் அக்கா, இப்போது அவள் தாடைக்கு என் கை தேவையில்லை. பழக்கத்தில் விரல் மட்டும் கன்னத்துக்குப் போய்விடுகிறது. அடுத்த வாரம் எடை பார்க்க வருகிறோம். உங்கள் இரவுப் பணி முடிகிற நேரமாகப் பார்த்து வருகிறேன். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள், அவள் விழுங்குகிற சத்தத்தை நீங்களும் கேட்க வேண்டும்.

அன்புடன்,
பாப்பாவின் அம்மா