பெங்களூரில் ஸ்பா படிக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இன்று செவ்வாய்க்கிழமை, கடை லீவு. போனில் பேசினால் நீயும் நானும் ஐந்து நிமிஷத்தில் குரலை உயர்த்திவிடுகிறோம், அதனால் எழுதுகிறேன்.

கோர்ஸை முடிக்காமல் கத்தாரில் தோகாவுக்கு வேலைக்குப் போவதில் எனக்குச் சம்மதம் இல்லை. வெளிநாடே வேண்டாம் என்று சொல்லவில்லை. போ, முடித்துவிட்டுப் போ. ‘சர்டிபிகேட்டெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள், கைவேலை தெரிந்தால் போதும்’ என்று அந்த ஏஜென்ட் சொன்னதாகச் சொன்னாய். கேட்காத இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன. அவன் உன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கப்போவதும் அந்த மாதிரி இடத்தில்தான். சிடெஸ்கோ என்று அழகுக்கலைக்கு உலக அளவில் டிப்ளமோ கொடுக்கிற அமைப்பு ஒன்று இருக்கிறது, 1946-ல் ஆரம்பித்தது, சூரிச்சில் தலைமை அலுவலகம், அந்த டிப்ளமோ இருந்தால் பெரிய ஓட்டல் ஸ்பாக்களில் மதிப்பே வேறு என்று பொங்கலுக்கு வந்தபோது எனக்குப் பாடம் எடுத்தவளே நீதான். இப்போது நீ படிக்கிற நான்காம் நிலை ஸ்பா தெரபிஸ்ட்டையே பாதியில் விட்டால் அங்கே எப்படிப் போவாய்?

ஆனால் நான் முடி என்று சொல்வது காகிதத்துக்காக இல்லை. யார் யாருக்குச் செய்யக் கூடாது என்று ஒரு பாடம் நடக்கிறதே, ‘கான்ட்ரா இண்டிகேஷன்’, ஒரே போர் என்றாயே, அதற்காக. என்னைக் கேட்டால் அந்தப் படிப்பில் கொடுத்த காசுக்கு உருப்படியான பகுதி அதுதான். தடவுவது, பிசைவது, தட்டுவதெல்லாம் செய்யச் செய்ய வந்துவிடும், உனக்குக் கை ஓட்டம் நம் குடும்பத்திலேயே இருக்கிறது. ‘இன்றைக்கு உங்களுக்குச் செய்ய மாட்டேன், டாக்டரைப் பார்த்துவிட்டு வாங்க’ என்று ஒரு கஸ்டமரிடம் சிரித்த முகத்தோடு சொல்வதுதான் லேசில் வராது.

நம் கடையில் கழுத்துச் சொடக்கு எடுப்பதை நான் நிறுத்தியது உனக்கு ஞாபகம் இருக்கும். காசிமேட்டிலிருந்து வருகிற பழைய ஆட்கள் இன்னும் கோபித்துக்கொள்கிறார்கள். கட்டிங்குக்கு வருவதே அந்தச் சொடக்குக்காகத்தான் என்கிறவர்களும் உண்டு. டெல்லியில் 2017-ல் ஒருவருக்கு சலூனில் கழுத்தைத் திருப்பியதில் மூச்சுவிட உதவும் உதரவிதானத்துக்குப் போகும் நரம்பே பழுதாகி, மூச்சுக் கருவி வைக்கும் அளவுக்குப் போய்விட்டது. பேப்பரில் படித்த அன்றைக்கே விட்டுவிட்டேன். இரண்டு மூன்று பேர் வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும்.

உங்கள் பார்லர் பக்கத்திலும் அப்படித்தான். 2022-ல் ஹைதராபாத்தில் ஒரு அம்மாவுக்குத் தலை அலசும்போதே பக்கவாதம் வந்தது. கழுத்தைப் பேசினில் பின்னால் மடக்கி வைத்ததில் மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அழுந்திவிட்டதாக டாக்டர் சொன்னார். வயசானவர்கள், பிரஷர் உள்ளவர்கள் வந்தால் பின்கழுத்துக்குத் துண்டை மடித்து வை. தலைசுற்றுகிறது என்று சொன்னால் உடனே நிமிர்த்தி உட்கார வை.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு வருகிறவரைத் தொடாதே. உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் நீ நீவிவிடுவது அதைக் கிளப்பி நுரையீரலுக்கு அனுப்பிவிடும். சர்க்கரைக்காரர்களுக்குப் பெடிக்யூர் செய்யும்போது தண்ணீர்ச் சூட்டை அவர்களிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை, பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். உன் முழங்கையை விட்டுப் பார். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிற பெண்ணுக்கு வேக்ஸ் போட்டால் மேல்தோலும் சேர்ந்து உரிந்துவரும். மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் ஆகட்டும் என்று சொல்லி அனுப்பு. ஹேர் டை என்றால் 48 மணி நேரம் முன்னால் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்க்கச் சொல்லிப் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. அதை யார் செய்கிறார்கள்? சாயங்காலம் கல்யாணம், இப்போதே அடி என்பார்கள். நீ செய்.

உன் பியூட்டி நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். 10 வால்யூம் பெராக்சைடு என்றால் 3 சதவீதம், 20 என்றால் 6, 40 என்றால் 12 என்று எழுதியிருந்தாய். இத்தனை வருஷம் டை அடிக்கிறேன், பாட்டிலில் இருக்கிற அந்த எண்ணுக்குக் கணக்கு உன் கையெழுத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அதனால் அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து இதை எழுதவில்லை.

சுத்தம் பற்றி மட்டும் எனக்கு உன்னைவிட அதிகம் தெரியும். 1986-ல் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர்தான் எச்ஐவி இந்தியாவுக்குள் வந்துவிட்டதை முதலில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பின்னால் வந்த வருஷங்களில் ஜனங்கள் சலூன் கத்தியைப் பார்த்தாலே பயந்தார்கள். உன் தாத்தா காலம் முழுக்க ஒரே கத்தி, தோல்வாரில் தீட்டுவார், முடிந்ததும் முகத்துக்குப் படிகாரக்கல். நம் கடையில் ஆளுக்கு ஒரு பிளேடு, கண் முன்னால் உடைத்துப் போட வேண்டும் என்று ஆனது அப்போதுதான். எய்ட்ஸைவிட நம் தொழிலில் பயப்பட வேண்டியது மஞ்சள் காமாலை பி. காய்ந்துபோன ரத்தத்தில்கூட அந்தக் கிருமி 7 நாள் உயிரோடு இருக்கும். ஊதா லைட் எரிகிற பெட்டியைக் காட்டி ‘ஸ்டெரிலைஸ் ஆகிடுச்சு’ என்பார்கள், நம்பாதே. அது சுத்தம் செய்த சாமானை வைக்கிற இடம். நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்கிற ஆட்டோகிளேவ் என்றால் 121 டிகிரி, 15 நிமிஷம். நீ ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் போட்டுக்கொண்ட காமாலை ஊசியில் மூன்றாவது இன்னும் பாக்கி. முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம் போட வேண்டும், தேதியைப் பார்.

அப்புறம் வெள்ளையாக்கும் க்ரீம். பெயரும் தெரியாத, தயாரித்தவன் விலாசமும் இல்லாத டப்பாவை யாராவது கொண்டுவந்து ‘இதைப் போட்டு ஃபேஷியல் பண்ணு’ என்றால் முடியாது என்று சொல். கேரளத்தில் அந்த மாதிரி க்ரீம் தடவியவர்களுக்குப் பாதரசத்தால் கிட்னியில் நோய் வந்ததை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். 2021-லிருந்து 2023 வரை பார்த்த நோயாளிகளை வைத்து எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டு 2020 விதிகள்படி முகத்துக்குப் பூசுகிற க்ரீமில் தெரியாமல் கலந்துவிடுகிற பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கடல் காற்றிலும் வெயிலிலும் உழைத்துக் கறுத்த முகங்களைத் தினமும் தொடுகிறவன் நான். அந்த முகங்களுக்கு என்ன குறை?

உன் உடம்பையும் பார்த்துக்கொள். கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி மசாஜ் செய்கிறவர்கள் சீக்கிரம் வேலையைவிட்டுப் போகிறார்கள். முன்கையையும் உடம்பு எடையையும் பயன்படுத்து, கட்டிலை உன் உயரத்துக்கு ஏற்றிக்கொள். என் காலில் புடைத்திருக்கிற நரம்பெல்லாம் நின்று நின்று வந்தது.

பெரியத்தை ‘ஸ்பாவா?’ என்று இழுத்ததை உன் அம்மா உனக்குச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. விடு. என்னையும் ‘கத்திரி பிடிக்கிறவன்’ என்று சொன்னவர்கள்தான், அவர்கள் பிள்ளைகளுக்கு முதல் கட்டிங் நான்தான் செய்தேன். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே 2022 ஜனவரியில், ஸ்பாவுக்குள் கேமரா வைப்பது வருகிறவர்களின் அந்தரங்கத்தில் தலையிடுவது, உள்ளே தப்பு நடக்கிறது என்ற வெறும் சந்தேகம் அதற்குப் போதாது என்று சொல்லியிருக்கிறது. ஒன்று மட்டும் பழகிக்கொள். கட்டிலில் இருப்பவன் கையை நீட்டினாலோ பேச்சு தப்பினாலோ நீ பாதியிலேயே எண்ணெயைக் கீழே வைத்துவிட்டு வெளியே வரலாம். மேனேஜர் அதற்குக் கோபித்தால் அந்த இடமே வேண்டாம்.

நீ அவசரப்படுவது பணத்துக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் காசிமேட்டு ஆட்கள் கடன் கணக்கில்தான் முடி வெட்டிக்கொள்கிறார்கள், அம்மா அதைப் புலம்பியிருப்பாள். ஜூன் 14-ல் முடிகிறது, விசைப்படகுகள் கடலுக்குப் போய் வந்தால் கணக்கும் வந்துவிடும். வருஷா வருஷம் நடப்பது இது. உன் பரீட்சை ஃபீஸ் தனியாக எடுத்து வைத்தாயிற்று.

அந்த ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்டானே, அது எந்தக் கணக்கு? வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவர் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் ஆள் நிஜமா பொய்யா என்று தெரிந்துவிடும். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் பேச்சையே அங்கேயே நிறுத்து. நம் தமிழக அரசுக்கே அயல்நாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு நிறுவனம் 1978-லிருந்து இருக்கிறது, கோர்ஸ் முடிந்ததும் அங்கே உன் பெயரைப் பதிவு செய்யலாம். நானே கூட வருகிறேன்.

அம்மா எம்.சி. ரோட்டில் வெள்ளைத் துண்டு ஒரு டஜன் எடுத்து வைத்திருக்கிறாள், பிராக்டிக்கலுக்கு. உன் பிரெண்டின் அப்பா வரும் வாரம் பெங்களூர் வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறோம். ஏஜென்ட் கொடுத்த கார்டை போட்டோ எடுத்து இன்றைக்கே எனக்கு அனுப்பு. பாஸ்போர்ட்டை மட்டும் யார் கையிலும் கொடுத்துவிடாதே.

உன் அப்பா,
ராயபுரம்