தம்பி வீட்டிலேயே இருக்கட்டும்

அன்பு மகளுக்கு,

"தம்பியை மனநல சிகிச்சை தருகிற விடுதி எதிலாவது சேர்த்துவிட்டால் என்னம்மா, உங்கள் இரண்டு பேருக்கும் உடம்பாவது தேறுமே" என்று போனில் கேட்டாய். அவன் பக்கத்து அறையில் இருந்ததால் அப்போது பேச முடியவில்லை. எங்கள் மேல் இருக்கிற அக்கறையில்தான் கேட்டாய் என்று தெரியும் பாப்பா. ஆனாலும் அவனை அனுப்ப எங்களுக்கு மனமில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியிலும் இதையேதான் சொன்னார்கள். 72 மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, டிஸ்சார்ஜ் செய்யும்போது அங்கிருந்த ஒரு அம்மா மெல்லிய குரலில், "நீங்கள் அழைத்துப் போக மறுத்துவிட்டால் கவுண்டி நிர்வாகம் பொறுப்பெடுத்துக்கொள்ளும், அப்போதுதான் சிகிச்சை சீக்கிரம் கிடைக்கும்" என்றார். அப்பா பதிலே பேசவில்லை, அவன் செருப்பை எடுத்துக் காலருகில் வைத்தார். பெற்ற பிள்ளையைக் கைவிட்டால்தான் வைத்தியம் என்றால் அது எந்த ஊர் நியாயம்?

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. மனநல சிகிச்சை கிடைக்க வேறு வழியில்லாமல் 2001ல் மட்டும் 12,700க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றோர் குழந்தைகள் நலத்துறையிடமோ சிறார் நீதித்துறையிடமோ ஒப்படைத்தார்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2003ல் அறிக்கை கொடுத்தது. எல்லா மாநிலங்களும் கணக்குக் கொடுக்காமலே இவ்வளவு.

அனுப்பினால் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்காதே. லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு சிறுமி, வழக்கில் அவள் பெயர் கேட்டி ஏ. பதினாலு வயதுக்குள் அவளை 37 இடங்களுக்கு மாற்றியிருந்தார்கள். எந்த ஊர்ப் பிள்ளையும் அதைத் தாங்காது. அவளைப் போன்ற பிள்ளைகளுக்காக 2002ல் போட்ட வழக்கில் மாநில அரசோடு 2011ல்தான் சமரசம் ஏற்பட்டது. இன்று நம் வீட்டுக்கு ஆட்கள் வருவது அந்த வழக்கின் பலன். கலிபோர்னியாவில் மெடி-கால் என்கிற அரசு மருத்துவக் காப்பீடு இருக்கிற 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தேவை இருந்தால் தீவிர மனநல சேவையை வீட்டிலேயே தர வேண்டும். அப்பாவுக்கு வேலை போய் மெடி-காலுக்கு மாறியபோது எப்படி அழுதேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் முன்பிருந்த கம்பெனி இன்ஷூரன்ஸில் இது கிடையாது.

வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டாயே. தெரபிஸ்ட் ஒருவர், தம்பியோடு இருக்க ஒரு இளைஞர், எல்லாவற்றையும் ஒருங்கிணைக்க ஒருவர். அப்புறம் 'பேரன்ட் பார்ட்னர்' என்று ஒரு அம்மா. அவர் பையனும் இப்படி இருந்து மீண்டவன்தான். முதல் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு "இன்றைக்குச் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

அந்த இளைஞர் சாயங்காலம்தான் வருவார். தம்பிக்கு ஆத்திரம் வருவது அப்போதுதானே, கிளினிக்கில் காலை பத்து மணிக்கு அவன் தங்கமாக இருப்பான். ஒரு நாள் அவர் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டான், தட்டு பறந்தது. நான் வழக்கம்போல வாசலை மறித்து நின்றேன். அவர் என்னை மெதுவாக ஓரமாக வரச் சொன்னார், தான் சமையலறைத் தரையில் உட்கார்ந்தார். ஒரே ஒரு வாக்கியம் பேசினார், அதன் பிறகு வாயே திறக்கவில்லை. தம்பி தோட்டத்துக்குப் போய் நின்றுவிட்டு, தானாகவே உள்ளே வந்தான். பிறகு அதே மாதிரி என்னையும் அப்பாவையும் செய்யவைத்துப் பழக்கினார். கத்தியும் மாத்திரைகளும் இப்போது பூட்டிய பெட்டியில். இன்ன அறிகுறி தெரிந்தால் யார் என்ன செய்வது, எப்போது யாரைக் கூப்பிடுவது என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம். தம்பியின் கையெழுத்திலேயே.

உன் அறைக் கதவில் அவன் உதைத்த ஓட்டை இப்போது இல்லை. அப்பாவும் அவனும் கடைக்குப் போய் ஓட்டை அடைக்கிற பட்டிப் பசை வாங்கி வந்து அடைத்தார்கள். உப்புத்தாள் தேய்க்கும்போது அவன் அப்பாவிடம் பள்ளிக்கூடத்தில் நடப்பதையெல்லாம் சொன்னான். எந்தப் பையன் என்ன பேசுகிறான், எதனால் காலையில் வயிறு வலிக்கிறது என்று.

நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். நீ சொல்வது சரி, இலினாயில் 1990களில் செய்த ஆய்வில் இப்படிப்பட்ட சேவையால் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரிப்பது குறையவில்லை. உண்மையிலேயே பிரியும் நிலையில் இருக்கிற குடும்பங்களைக் கண்டுபிடித்து அனுப்புவதே கஷ்டம் என்பது அதற்கு ஒரு காரணம். 1974ல் வாஷிங்டன் மாநிலத்தில் டகோமாவில் தொடங்கிய, இப்படி வீட்டுக்கே வரும் சேவைகளுக்கு முன்மாதிரியான ஹோம்பில்டர்ஸ் முறையில் ஒரு தெரபிஸ்டுக்கு ஒரே சமயத்தில் இரண்டு குடும்பங்கள்தான், நாலிலிருந்து ஆறு வாரம், எந்த நேரமும் கூப்பிடலாம். அந்த அடர்த்தியைக் குறைத்துவிட்டு அதே முறை என்று சொல்லி நடத்தினால் எப்படி வேலை செய்யும்? நம் வீட்டுக்கு வருகிறவர்களும் அடிக்கடி மாறுகிறார்கள், சம்பளம் குறைவு. எனக்கு இருக்கிற பயம் அதுதான். தம்பி மேல் இல்லை.

மதுரையில் பாட்டிக்கும் சொல்லிவிட்டேன். நாலு பேருக்குத் தெரியக்கூடாது என்று மூடி வைத்ததில் எனக்குத்தான் மூச்சு முட்டியது. பாட்டி திட்டவில்லை. "பையன் சாப்பிடுகிறானா?" என்றுதான் கேட்டார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். குடும்பக் குழுக் கூட்டம் என்று ஒன்று நடக்கிறது, திட்டம் அங்கேதான் போடுகிறார்கள். தன் பக்கம் யார் யார் வர வேண்டும் என்பதைத் தம்பியே சொல்லலாம். அவன் உன் பெயரைச் சொன்னான். அடுத்த வியாழன் எங்கள் நேரம் மாலை 5 மணிக்கு, வீடியோவில் வந்தால் போதும். அவனுக்கு என்ன பிடிக்கும், எதில் சிரிப்பான் என்று உனக்குத் தெரிந்ததைச் சொல். உன் வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால் நேரத்தை மாற்றச் சொல்கிறேன். இணைப்பைத் தம்பியே உனக்கு அனுப்புவான்.

அன்புடன்,
அம்மா