விமானப் பீரங்கி ரவைகளுக்குத் தனி அட்டை வேண்டும்: வெடிபொருள் ஆபத்துக் கல்வி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வன்னியில் வெடிபொருள் ஆபத்துக் கல்வியை நடத்தும் குழுக்களின் பயிற்றுநர்களுக்கும், அப்பணியை மேற்பார்வை செய்யும் அலுவலர்களுக்கும்,

மதிப்புக்குரியீர்,

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் பாடசாலைகளில் காட்டப்படும் விளக்கப்படங்களில் மிதிவெடி, கைக்குண்டு, மோட்டார் எறிகணை, ஆர்பிஜி ஆகியவை எவரும் மறக்காதபடி வரையப்பட்டிருக்கின்றன. போர் விமானங்களிலும் தாக்குதல் ஹெலிகொப்டர்களிலும் பொருத்தப்படும் தன்னியக்கப் பீரங்கிகளின் ரவைகளோ, நான் பார்த்த படங்களில், துப்பாக்கி ரவைகளோடு ஒரே கட்டத்துக்குள் ஒதுக்கப்பட்டுள்ளன. அந்தக் கட்டத்தைப் பிரித்து, பீரங்கி ரவைக்கு ஒரு தனி அட்டையும், பயிற்றுநர்கள் கையில் வைத்திருக்கத்தக்க ஒரு சரியான ஒப்பீட்டுக் குறிப்பும் தயாரிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

துப்பாக்கிச் சன்னம் பெரும்பாலும் ஈயமும் செம்பும் சேர்ந்த ஓர் உலோகத் துண்டு. பாய்ந்து முடிந்ததும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. 20 மில்லிமீற்றரிலிருந்து தொடங்கும் பீரங்கிக் குண்டுகளுள் பல அப்படிப்பட்டவை அல்ல. அவற்றின் வயிற்றில் வெடிமருந்தும், முனையில் அதை வெடிக்கச் செய்யும் பொறியான பியூசும் உள்ளன. அமெரிக்காவின் 20 மில்லிமீற்றர் வெடிகுண்டு ஒன்றில் ஏறத்தாழ 10 கிராம் வெடிமருந்து அடங்கும். சோவியத் 30 மில்லிமீற்றர் வெடிகுண்டில் அது 48 கிராம் அளவுக்கு உயர்கிறது. நமது மண்ணில் ஆயிரக்கணக்கில் புதைக்கப்பட்டு, சிறு பிள்ளைகளுக்கும் பெயர் தெரிந்திருக்கும் பி-4 மிதிவெடியில் இருப்பது சுமார் 30 கிராம். பி-4 என்றால் பத்து அடி விலகி நிற்கும் அதே ஆள், காணி துப்புரவாக்கும்போது கிடைத்த 30 மில்லிமீற்றர் குண்டைப் 'பெரிய சன்னம்' என்று எண்ணிச் சாக்கில் போட்டுப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோகக்கூடும் என்ற அச்சம் எனக்கு உண்டு. நமது விளக்கப்படத்தின் அந்த ஒற்றைக் கட்டம் அவரது எண்ணத்தை மாற்றவில்லை; உறுதிப்படுத்துகிறது.

நான் உயர்தர வகுப்பில் தொழில்நுட்பம் கற்பிப்பவன். போரின் நினைவே இல்லாத வயதுடைய என் மாணவர்கள், விமானப் பீரங்கிகளைப் பற்றி இணையத்தில் நிறையத் தேடிப் படிக்கிறார்கள். அந்த ஆர்வத்தைக் கண்டிப்பதில் பயனில்லை என்றும், அதைச் சரியான பக்கம் திருப்பிவிட்டால் உங்கள் பணிக்கே அது துணையாகும் என்றும் நான் கருதுகிறேன். அவர்களது ஒப்பீடு பெரும்பாலும் நிமிடத்துக்கு எத்தனை ரவை என்ற ஒரே எண்ணில் நின்றுவிடுகிறது. ஆறு குழல் கொண்ட அமெரிக்க எம்-61 வல்கன் நிமிடத்துக்கு 6,000 ரவைகளைச் சுடும். இஸ்ரேலியத் தயாரிப்பான கிபிர் போர் விமானத்தின் பிரெஞ்சு வழிவந்த டெஃபா பீரங்கி 1,300 அளவில்தான் சுடும். ஆகவே முன்னது ஏறத்தாழ ஐந்து மடங்கு வலியது என்று முடித்துவிடுகிறார்கள்.

எடையைச் சேர்த்துக் கணக்கிட்டால் இந்த முடிவு நிற்காது. வல்கனின் குண்டு ஒன்று ஏறத்தாழ 100 கிராம். ஒரு செக்கனில் 100 குண்டுகள் எனக் கொண்டால் 10 கிலோகிராம் வெளியேறுகிறது. டெஃபாவின் 30 மில்லிமீற்றர் குண்டு 240 கிராமுக்குச் சற்று மேல். செக்கனுக்கு ஏறத்தாழ 22 குண்டுகள். கிபிரில் இத்தகைய பீரங்கிகள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 140 ரவைகளோடு பொருத்தப்பட்டிருந்தன. இரண்டையும் சேர்த்தால் அதே 10 கிலோகிராம் வந்துவிடுகிறது. குண்டு பெரிதாகப் பெரிதாக அதன் எடையில் வெடிமருந்தின் பங்கும் கூடுவதால், வெடிமருந்தை மட்டும் கணக்கிட்டால் டெஃபா இணை முந்திவிடுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளிவிசையால் சுழற்றப்படும் வல்கனின் குழல்கள் முழு வேகத்தை எட்ட அரைச் செக்கனுக்கு அண்மித்த நேரம் எடுக்கின்றன. டெஃபாவில் குழல் அசையாமல் நிற்க, அதன் பின்னே ஐந்து அறைகள் கொண்ட உருளை மட்டும் சுழல்வதால், அது முதல் ரவையிலேயே தன் முழு வேகத்தை அடைந்துவிடுகிறது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில் ஜெர்மனியின் மௌசர் நிறுவனம் உருவாக்கிய எம்ஜி-213 என்ற முன்மாதிரியிலிருந்து பிறந்த அமைப்பு இது. பிரித்தானியாவின் ஏடன், அமெரிக்காவின் எம்-39 ஆகியவையும் அதே வயிற்றுப் பிள்ளைகள்.

சோவியத் பொறியியலாளர்கள் வேறு வழிகளில் சென்றார்கள். ஜிஎஸ்எச்-23 இரட்டைக் குழல் கொண்டது. ஒரு குழல் சுடும் விசையே மற்றக் குழலுக்கு ரவையை ஏற்றுகிறது. சுமார் 50 கிலோகிராம் எடையுள்ள அப்பீரங்கி நிமிடத்துக்கு 3,000 ரவைகளுக்கு மேல் சுடும். மிக்-29, சு-27 விமானங்களின் ஜிஎஸ்எச்-30-1 ஒற்றைக் குழல் கொண்டது. வெறும் 46 கிலோகிராம் எடையில் 390 கிராம் குண்டுகளைச் செக்கனுக்கு 25க்குக் குறையாமல் வீசுவதால், 112 கிலோகிராம் எடையுள்ள வல்கனுக்கு அது கிட்டத்தட்டச் சமமாகிவிடுகிறது. என் கணிப்பில், எடைக்கு எடை பார்த்தால் இவற்றுள் மிகச் சிறந்த வடிவமைப்பு அதுதான். குழல் விரைவில் தேய்ந்துவிடுவது அதற்குக் கொடுக்கும் விலை. இலங்கை விமானப்படை 2000ஆம் ஆண்டில் பெற்ற மிக்-27 விமானத்தின் ஆறு குழல் கொண்ட ஜிஎஸ்எச்-6-30 பீரங்கியோ, நிமிடத்துக்கு 5,000 என்று வைத்துக்கொண்டாலும், செக்கனுக்கு 32 கிலோகிராம் அளவு குண்டுகளை வெளியேற்றுகிறது. அதன் பின்னுதைப்பு விமானத்தின் தரையிறங்கு விளக்குகளையே உடைத்துவிடுவதுண்டு. விமானத்தில் ஏற்றக்கூடிய ரவைகள் 300க்கு மேற்படாததால், விசையைத் தொடர்ந்து அழுத்தினால் நான்கு செக்கனுக்குள் பெட்டி வெறுமையாகிவிடும்.

இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. '30 மில்லிமீற்றர்' என்று சொல்லி நிறுத்துவது போதாது என்பதை இந்த ஒப்பீடுதான் காட்டுகிறது. டெஃபாவின் கோது, அதாவது குண்டைத் தாங்கும் உலோக உறை, 113 மில்லிமீற்றர் நீளமுடையது. மிக்-27இன் கோது 165 மில்லிமீற்றர் நீளமுடையது. இரும்பால் ஆனதால் நம் மண்ணில் துருவேறிக் கிடக்கும். குழல்வாயை விட்டுப் புறப்படும்போது குண்டு கொண்டிருக்கும் இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால், பின்னது முன்னதைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்கு. 23 மில்லிமீற்றரிலும் இதே சிக்கல் இருக்கிறது: விமானத்தின் ஜிஎஸ்எச்-23க்கு உரிய கோது 115 மில்லிமீற்றர், தரையிலும் படகுகளிலும் பொருத்தப்பட்ட இசட்யூ-23 வகைப் பீரங்கிக்கு உரியது 152 மில்லிமீற்றர். புதுக்குடியிருப்பிலோ ஒட்டுசுட்டானிலோ கண்டெடுக்கப்பட்ட 23 மில்லிமீற்றர் ரவை விமானத்திலிருந்து வந்ததா, தரைப் பீரங்கியிலிருந்து வந்ததா என்பதை விட்டத்தை மட்டும் அளந்து எவராலும் சொல்ல முடியாது. எங்கே தேட வேண்டும், எவ்வளவு பரப்பில் தேட வேண்டும் என்று முடிவெடுக்கும் உங்கள் களப்பணியாளருக்கு இது சிறிய வேறுபாடு அல்ல.

பியூஸ் பற்றியும் ஒரு சொல். இவ்வகைக் குண்டுகளின் பியூஸ் பொதுவாகக் குழலுக்குள் கிடைக்கும் உந்துதலாலும் சுழற்சியாலும் விழிப்படைகிறது. அதன் பின்னர் வயற்சேற்றிலோ குளத்து வண்டலிலோ சரிவாக விழுந்து வெடிக்காமல் போன குண்டு, சுடப்படாத ரவையைவிடப் பன்மடங்கு நம்பத்தகாதது. சுடப்பட்ட குண்டின் இடுப்பில் உள்ள செம்பு வளையத்தில் குழலின் வரிப்பள்ளங்கள் சாய்வாகப் பதிந்திருக்கும். உங்கள் பணியாளர்கள் தூரத்திலிருந்தே கவனிக்க வேண்டிய அடையாளம் அது. ஆனால் அதைப் பொதுமக்களுக்குக் கற்பிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் வளையத்தைப் பார்க்க வேண்டுமென்றால் குண்டைத் திருப்பிப் பார்க்கத் தோன்றும். நிற அட்டவணையையும் தவிர்த்துவிடுங்கள். நீலம் பயிற்சிக்கு, மஞ்சள் வெடிமருந்துக்கு என்பது மேற்கத்தேய வழக்கம். சோவியத் வழக்கம் வேறு. பல மாரிகளை மண்ணுக்குள் கழித்த குண்டில் எந்த நிறமும் எஞ்சியிருக்கப் போவதில்லை.

ஆகவே மக்களுக்கான அட்டையில் ஒரே படமும் ஒரே செய்தியும் போதும்: கட்டைவிரலைவிடத் தடித்த, முனை கூரான அல்லது தட்டையான, இடுப்பில் வளையம் கொண்ட எந்த உலோகத் துண்டும் வெடிக்கக்கூடியது; தொடாமல், அருகில் குப்பை எரிக்காமல், இடத்தை அடையாளப்படுத்தி அறிவிக்க வேண்டும். அதன் பக்கத்தில் பி-4இன் படத்தை வைத்து, இரண்டின் வெடிமருந்து அளவையும் எழுதிவிடுங்கள். மேலே நான் சொன்ன நீளங்களும் எடைகளும் பயிற்றுநர் குறிப்புக்கு உரியவை; வகுப்பில் எழுந்து கேள்வி கேட்கும் பதினேழு வயதுப் பையனுக்கு அவர் பதில் சொல்லத் தெரிந்திருந்தால், அடுத்து அவர் சொல்லும் எச்சரிக்கையையும் அவன் மதிப்பான்.

இறுதியாக ஒரு நடைமுறை வேண்டுகோள். சில கண்காட்சிகளில் உண்மையான வெற்றுக் கோதுகளும் வெறுமையாக்கப்பட்ட குண்டுகளும் மேசையில் பரப்பப்பட்டு, பிள்ளைகள் அவற்றைக் கையிலெடுத்துப் பார்க்க விடப்பட்டதைக் கண்டிருக்கிறேன். அவை பாதுகாப்பானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் இன்று மேசையில் தூக்கிப் பார்த்ததை, நாளை வாய்க்கால் கரையில் கண்டால் அந்தப் பிள்ளை ஏன் தூக்கக் கூடாது? அவற்றை விலக்கி, சரியான அளவில் மரத்தில் கடைந்த மாதிரிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டுங்கள். 20, 23, 30 மில்லிமீற்றர் வகைகளுக்கான அளவு வரைபடங்களை நான் வரைந்து தருவேன். எங்கள் பாடசாலையின் கடைசல் இயந்திரத்தில் மாணவர்களே அவற்றைச் செய்து முடிப்பார்கள். மரத்தையும் பெட்டியையும் நீங்கள் தந்தால், அடுத்த தவணை தொடங்குமுன் முதல் தொகுதியை ஒப்படைக்கலாம்.

இங்ஙனம்,
உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு ஆசிரியர் ஒருவர்,
கிளிநொச்சி.