4294967297 பகா எண் இல்லை

அன்புள்ள குமரா,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. பதில் போடாதது என் தப்புதான், நன்றாகத் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். சுந்தரம் இன்னமும் 1 பகா எண்தான் என்று சாதித்துக்கொண்டிருக்கிறான்.

உன் கணக்குக்கு வருகிறேன். 2³² + 1, அதாவது 4294967297, பகா எண் என்று அடித்துச் சொல்கிறாய். கணித மேதை ஃபெர்மாவும் அப்படித்தான் நம்பினார், அதனால் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் அதை உடைத்துவிட்டார்: 641 × 6700417. பெருக்கிப் பாரேன்.

நீ 2-ஐ அடிமானமாக வைத்து, எண்ணில் ஒன்று குறைத்து அத்தனை அடுக்குக்கு உயர்த்தி, எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று சோதித்ததுதான் வினை. இந்த எண்ணால் வகுத்தால் 2³²-க்கு மீதி −1 (அதாவது எண்ணுக்கு ஒன்று குறைவு), 2⁶⁴-க்கு மீதி 1. எண்ணில் ஒன்று குறைத்தால் வரும் 2³² என்பது 64-இன் மடங்கு. ஆகவே எண் பகாதோ பகுமோ, உன் சோதனை 'தேறியது' என்றுதான் சொல்லும். இதை நீ கவனிக்காமல் விட்டது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். 3-ஐ எடுத்துக்கொள். 31 தடவை வர்க்கப்படுத்து, ஒவ்வொரு தடவையும் மீதியை மட்டும் வைத்துக்கொள். கடைசியில் −1 வந்தால் பகா எண், இல்லாவிட்டால் இல்லை. இங்கே வராது. கணினியில் போடுவதானால் ஜாக்கிரதை: 32 பிட்டில் (32 இரும இலக்க இடத்தில்) இந்த எண்ணே அடங்காமல் வெறும் 1 ஆகிவிடும். மீதிகளின் வர்க்கம் குறியுள்ள 64 பிட்டையும் தாண்டி வழியும்.

இனிமேல்தான் ருசி. இதன் பகாக் காரணி எதுவானாலும் 128-ஆல் வகுக்க 1 மீதி வரவேண்டும். 129, 257, 385, 513, 641 என்று எழுதிப் பார். பகா எண்கள் 257-ம் 641-ம் மட்டுமே. 257 ஒத்துவராது, அடுத்தது 641!

அது ஏன் வகுக்கிறது என்பதற்கு வகுத்தலே வேண்டாமடா. 641 = 5 × 2⁷ + 1. ஆகவே 641-இன் மடங்குகளைத் தள்ளிவிட்டால் 5 × 2⁷ என்பது −1. நான்காம் அடுக்கு எடு, 5⁴ × 2²⁸ என்பது 1. ஆனால் 641 = 625 + 16 கூட. ஆகவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். −2³² என்பது 1 ஆகிவிட்டது, அதாவது 2³² + 1 மீதியில்லாமல் வகுபடுகிறது. ஒரே எண்ணை இரண்டு விதமாகப் பிரித்ததில் முடிந்துபோகிற காரியம் இது. எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்கவில்லை.

மிச்சம் 6700417. அதன் வர்க்கமூலம் 2588-ஐ ஒட்டி வரும். அதற்குள் அதே 128 விதிப்படி, முன்பே தள்ளிய 257 போக, 641, 769, 1153, 1409 நான்கைத்தான் பார்க்கவேண்டும். மீதிகள் முறையே 44, 120, 334, 622. ஆகவே அது பகா எண்.

உன் நோட்டுப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாதே. இதே வரிசையில் 65537 (2¹⁶ + 1) வரை போட்டதெல்லாம் சரி. அடுத்து 2⁶⁴ + 1-ஐ எடு. அதிலும் 3-ஐ வைத்தே ஆரம்பி, மீதிகளை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
ரகு